எந்த எலி, என்ன தீனி?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மெட்டபோலிக் சின்ட்ரோம் பற்றி எழுதும்போது "எலிகளில் பார்த்திருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் வந்திருக்கின்றன. அந்த இதழைப் பார்க்காதவர்களுக்காக ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். இடுப்புச் சுற்று எங்கள் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல், வெறும் வயிற்றுச் சீனி 100க்கு மேல், பிரஷர் 130/85க்கு மேல், இரத்தத்தில் ஓடுகிற ட்ரைகிளிசரைட் கொழுப்பு 150க்கு மேல், நல்ல கொலஸ்ரோல் என்கிற எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே. இந்த ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதற்குத்தான் அந்தப் பெயர். சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் போகிற வழி அது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு நோ வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ரோலைக் குறைக்கிற அட்டோவஸ்டட்டின் குளிசை போட்டுக்கொண்டு வந்தேன். யூடியூப்பில் ஒருவர், கொலஸ்ரோல் கதை முழுக்க முயலுக்குக் கொழுப்பைத் தீத்தி உண்டாக்கிய பொய், முயல் புல் தின்கிற மிருகம், அதை வைத்து மனிதனுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று கேட்டார். எனக்கும் நியாயமாகப் பட்டது. மூன்று மாதமாகக் குளிசையை விட்டிருக்கிறேன். சரிதானே? – சுன்னாகம் வாசகர்

பதில்: சரியில்லை ஐயா. மிச்சத்தை வாசிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், மூன்று மாதம் குளிசை போடவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து பொய் சொல்ல வேண்டாம். ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு அந்தக் குளிசை மிக முக்கியம்.

இனி முயலின் கதை. அந்த யூடியூப்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 1913இல் ரஷ்யாவில், சென் பீற்றர்ஸ்பேர்க்கில், அனிச்கோவ், சலாதோவ் என்கிற இரண்டு பேர் சுத்தமான கொலஸ்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயல்களின் பெருநாடிச் சுவரில் மனிதருக்கு வருவதைப் போலவே கொழுப்புப் படிந்தது. எலிக்குக் கொடுத்தபோது அப்படி ஒன்றும் வரவில்லை. முயல் இயல்பில் கொலஸ்ரோலே சாப்பிடாத மிருகம், உள்ளே போனதை வெளியேற்றத் தெரியாமல் அதன் இரத்தம் கொழுப்பால் நிரம்பிவிடுகிறது. ஆகவே "புல் தின்கிற மிருகம்" என்ற கேள்வி நியாயமான கேள்விதான், அதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆனால் கதை 1913உடன் நின்றுவிட்டதாக அவர் காட்டியது பிழை. 1973இல் யப்பானில் கோபே பல்கலைக்கழகத்தில் வத்தனபே என்பவர் தன்னுடைய முயல்களில் ஒன்றின் இரத்தத்தில் மட்டும் கொலஸ்ரோல் எக்கச்சக்கமாக இருப்பதைக் கண்டார். அதற்கு யாரும் கொழுப்புத் தீத்தவில்லை. மற்ற முயல்கள் தின்ற அதே தீனிதான். அதை இனம்பெருக்கி ஒரு வர்க்கத்தையே உண்டாக்கினார். புல்லும் சாதாரணத் தீனியும் தின்றுகொண்டே அந்த முயல்களின் நாடிகள் அடைத்தன. அமெரிக்காவில் பிரவுன், கோல்ட்ஸ்ரீன் என்ற இரண்டு மருத்துவர்கள், சின்ன வயதிலேயே மாரடைப்பு வருகிற சில குடும்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கெட்ட கொலஸ்ரோலான எல்.டி.எல்.ஐ இரத்தத்தில் இருந்து பிடித்து உள்ளே இழுக்கிற வாங்கி அந்த நோயாளிகளின் கலங்களில் பழுதாகி இருந்தது. வத்தனபேயின் முயலிலும் பழுதானது அதே வாங்கிதான். பிரவுன், கோல்ட்ஸ்ரீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்புத் தீத்தாத முயல், மனித நோயாளி, இரண்டிலும் ஒரே பழுது, ஒரே முடிவு. யூடியூப்காரர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

உங்கள் குளிசை பிறந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எலியால் கிட்டத்தட்டச் செத்துப்போன மருந்து. யப்பானில் அக்கிரா எண்டோ என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 6000 பூஞ்சணங்களைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் இருந்து கொம்பக்ரின் என்ற பொருளைப் பிரித்தார். உங்கள் குளிசை சேர்ந்த ஸ்டட்டின் குடும்பத்தில் முதலாவது அது. எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ரோல் இறங்கவே இல்லை. அங்கேயே கோப்பை மூடியிருக்கலாம். எண்டோ வேறு மாதிரி யோசித்தார்: முட்டையில் அவ்வளவு கொலஸ்ரோல் இருக்கிறதென்றால் முட்டையிடுகிற கோழி அதை நிறைய உற்பத்தி செய்யத்தானே வேண்டும்? கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதியளவுக்குக் கிட்ட இறங்கியது. பிறகு நாயிலும் குரங்கிலும் இறங்கியது. எலியின் ஈரல், மருந்து தடுக்கிற அதே நொதியத்தை இன்னும் கூடுதலாக உண்டாக்கி ஈடுகட்டிவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. எலியை மட்டும் நம்பியிருந்தால் இன்று உங்கள் கையில் அந்தக் குளிசை இல்லை.

ஆனால் நீங்கள் முயலையும் நம்ப வேண்டாம், கோழியையும் நம்ப வேண்டாம். 1994இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4444 நோயாளிகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. எல்லாரும் உங்களைப் போல ஏற்கெனவே நெஞ்சு நோவோ மாரடைப்போ வந்தவர்கள். ஐந்து வருடத்துக்குச் சற்று மேலாகப் பார்த்ததில், மருந்தில்லாத வெறும் குளிசை குடித்த 100 பேரில் ஏறக்குறைய 12 பேர் இறந்தார்கள், ஸ்டட்டின் குடித்தவர்களில் 8 பேர். அந்த நான்கு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம் ஐயா. குளிசையால் உடம்பு உளைவு ஏதும் இருந்தால் அதை டொக்டரிடம் சொல்லி அளவை மாற்றலாம், வகையை மாற்றலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மம்மா ஊரில் 90 வயது வரை ஒரு வருத்தமும் இல்லாமல் இருந்தவ. இங்கே வந்த அவவின் பிள்ளைகள் ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சீனி. குளிர்தான் காரணம் என்கிறார்கள். அப்படியா? – ஸ்காபரோ, கனடா

பதில்: குளிரை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தை வாசித்தபோது எனக்கு ஒரு மணலெலிதான் ஞாபகம் வந்தது. வட ஆபிரிக்கா, மத்திய கிழக்குப் பாலைவனங்களில் வாழ்கிற எலி அது. உவர் நிலத்தில் முளைக்கிற ஒரு செடியின் சதைப்பற்றான இலையைத் தின்று சீவிக்கும். தண்ணீரும் உப்பும்தான் அந்த இலையில் அதிகம், சக்தி மிகக் குறைவு, அதனால் நாள் முழுக்கத் தின்றாலும் உடம்பு வைக்காது. 1960களில் அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் மற்ற எலிகளுக்குப் போடுகிற வழமையான தீனியைப் போட்டார்கள். மற்ற எலிகள் அதைத் தின்று சுகமாக இருக்கின்றன. மணலெலியோ கொழுத்தது, இன்சுலின் ஏறியது, சில கிழமைகளில் சீனி வந்தது.

இது முக்கியம், அந்தத் தீனி கெட்ட தீனி அல்ல. கொழுப்புக் கூட்டினதோ சீனி கலந்ததோ அல்ல. மணலெலியின் உடம்புக்கு அது மிஞ்சின தீனி, அவ்வளவுதான். இன்னொன்று, எல்லா மணலெலிக்கும் சீனி வருவதில்லை. அதே கூட்டில் அதே தீனி தின்று தப்பிக்கிறதுகளும் உண்டு. வருகிறதைத் தனியாகவும் வராததைத் தனியாகவும் இனம்பெருக்கி இரண்டு வர்க்கம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆறாவது ஆளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மா தோட்டத்துக்கு நடந்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, குத்தரிசிச் சோறும் கீரையும் மீனும் சாப்பிட்டவ. பிள்ளைகள் இரட்டை வேலை, கார், இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. எலி தன் தீனியைத் தானே தெரிவு செய்ய முடியாது, ஆய்வாளர் போடுவதைத் தின்னும். உங்கள் மாமாமாருக்கு அந்தத் தெரிவு கொஞ்சமாவது கையில் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்து, பிறகு ஒரு அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லுங்கள். பனி என்றால் கடைத்தொகுதிக்குள்ளே நடக்கட்டும்.

கேள்வி: பாவற்காய்ச் சாறு எலியின் சீனியை இன்சுலின் அளவுக்கு இறக்கியது என்று ஒரு ஆய்வுச் செய்தியைப் பேரன் வாசித்துக் காட்டினான். கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்று அதில் இருந்ததாம். என் நிறை 60 கிலோ. 30 கிராம் எடுத்தால் சரிதானே? சீனிக்கு மெட்ஃபோமினும் இன்னொரு குளிசையும் போடுகிறேன். – கைதடி வாசகி

பதில்: அம்மா, கணக்கு அப்படிப் போடுவதில்லை. சின்ன உடம்பு மருந்தைக் கெதியாக எரித்துத் தள்ளும், அதனால் எலிக்கு நிறைக்கேற்ப எப்போதும் கூடத்தான் கொடுப்பார்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, வழமையாக 6 சொச்சத்தால் பிரிப்பார்கள், சுண்டெலி என்றால் 12 சொச்சத்தால். உங்கள் கணக்கில் 30 கிராம் அல்ல, 5 கிராமுக்குக் கிட்டத்தான் வரும். அதுவும் காய்ச்சி வற்றவைத்துப் பிரித்த சாரம், அம்மியில் அரைத்துப் பிழிந்த சாறு அல்ல. இரண்டும் ஒன்றில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்த எலிக்கு எப்படிச் சீனி வந்தது என்பது. இதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான், பல வருடம் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்தில் எலிகளோடு இருந்தவன், அதனால் சொல்கிறேன். ஸ்ரெப்ரோசொரோசின் என்று ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது, மண்ணில் வாழ்கிற ஒரு பற்றீரியாவில் இருந்து எடுப்பது. கரைத்தால் நிற்காது, கெட்டுவிடும், ஆகவே ஐஸ் மேல் வைத்துக் கரைத்து உடனே ஊசியில் இழுக்க வேண்டும். எலியின் வயிற்றுக்குள் ஏற்றினால் சதையியில் இன்சுலின் சுரக்கிற கலங்களைத் தேடிப் போய்க் கொல்லும். மூன்றாம் நாள் காலை வாலின் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, நீங்கள் வீட்டில் வைத்திருக்கிற அதே மாதிரிச் சீனி பார்க்கிற மெஷினில் வைத்தால் 300, 400 என்று காட்டும். கூட்டுக்குக் கீழே விரித்த மரத்தூள் ஒரே இரவில் நனைந்து ஊறிப்போயிருக்கும், அவ்வளவு சிறுநீர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த எலிக்கு வந்தது இன்சுலின் சுரக்கிற கலமே செத்துப்போன சீனி. உங்களுக்கு வந்தது அதுவல்ல, உங்கள் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, உடம்பு அதற்கு வடிவாக மசிவதில்லை. அந்த எலியில் வேலை செய்தது உங்களில் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்களுக்குக் கிட்டின எலி வேண்டுமென்றால், முதலில் பல கிழமை கொழுப்புத் தீனி போட்டுக் கொழுக்கவைத்து, பிறகு அந்தத் தூளைச் சின்ன அளவில் ஏற்றின எலி. அல்லது யப்பானில் கொட்டோ, கக்கிசக்கி என்ற இருவர் 1975இல் அறிவித்த எலி. சாதாரண எலிகளில் சீனியைக் கையாள்வதில் மோசமானவற்றைப் பொறுக்கிப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கி உண்டாக்கினது. அது கொழுக்காமலே சீனி வருகிற எலி. எங்கள் ஊரில் மெலிந்த ஆளுக்கும் சீனி வருகிறதே, எனக்கு அந்த எலியில் தனி ஈடுபாடு. ஆகவே அடுத்த முறை பேரன் செய்தி வாசிக்கும்போது "எந்த எலி, என்ன தீனி, எப்படிச் சீனி வந்தது" என்று மூன்றையும் கேளுங்கள்.

பாவற்காயைக் கறியாக, வறையாகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் குளிசைக்கு மேலே சாற்றைக் கிளாஸ் கணக்கில் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம். அந்த மற்றக் குளிசை எதுவென்று டொக்டரிடம் காட்டிக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டபோது நான் கர்ப்பிணி. பல நாள் கஞ்சியும் வெறும் தேத்தண்ணியும்தான். மகன் 1996இல் 2 கிலோ நிறையில் பிறந்தான். இப்போது முப்பதைத் தொடுகிறான், பிரஷரும் சீனியும் சேர்ந்து வந்துவிட்டன. நான் சாப்பிடாததுதான் காரணமோ என்று இரவில் நித்திரை வருவதில்லை. – சாவகச்சேரி வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதலில் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் சாப்பிடாமல் விடவில்லை, உங்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. இரண்டும் வேறு.

உங்கள் கேள்வி பலர் ஆராய்ந்த கேள்வி. இங்கிலாந்தில் டேவிட் பாக்கர் என்ற மருத்துவர் 1980களில் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, நிறை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் கூடுதலாக இறந்திருப்பதைக் காட்டினார். ஒல்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் யேர்மன் படைகள் உணவை மறித்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தபோது, சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. ஆனால் மனிதரில் இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பட்டினியா, பயமா, பிறகு வந்த வறுமையா, எது காரணம்? அதற்குத்தான் எலி தேவைப்பட்டது. 1994இல் இங்கிலாந்தில் சினை எலிகளுக்குப் புரதத்தை மட்டும் பாதியாக்கி, மற்றதெல்லாம் போதியளவு கொடுத்தார்கள். குட்டிகள் பிறந்த பிறகு சாதாரணத் தீனியே தின்றன. ஆனாலும் வளர்ந்தபோது அவற்றுக்குப் பிரஷர் கூடியிருந்தது. புரதம் குறைந்த எலிக்குட்டிகளின் சிறுநீரகத்தில் வடிகட்டுகிற அலகுகளின் எண்ணிக்கையே குறைவு என்றும் பிறகு கண்டார்கள். ஆகவே வயிற்றில் இருக்கும்போது கிடைக்காமல் போனது பிற்காலத்தைத் தொடும், அது உண்மை.

ஆனால் அதே வகை எலிகளில் தெரிந்த இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னதாகப் பிறந்த குட்டியைப் பிறகு வேகமாகக் கொழுக்கவிட்டால்தான் நிலைமை மோசமாகிறது, அளவோடு வளர்ந்தால் அவ்வளவுக்கு இல்லை. உங்கள் மகன் இன்று தன் இடுப்புச் சுற்றைக் குறைத்தால் அவருக்கும் பலன் உண்டு. முப்பது வயது சின்ன வயதுதான். கண்ணையும் சிறுநீரையும் வருடம் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், கருவாட்டையும் ஊறுகாயையும் கொஞ்ச நாள் மறக்கட்டும். அவருக்குப் பிள்ளை பிறக்கும்போது மருமகளின் சாப்பாட்டை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். நித்திரை வராமல் இருப்பதை உங்கள் குடும்ப வைத்தியரிடமும் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடத்துக்குள் பிரஷரும் கொலஸ்ரோலும் ஏறிவிட்டன, வயிறும் வைத்துவிட்டது. இந்த ஆராய்ச்சிகளில் பெண் எலிகளையும் பார்க்கிறார்களா? – கரவெட்டி ரீச்சர்

பதில்: நீண்டகாலமாகப் பார்க்கவில்லை ரீச்சர், அது இந்தத் துறையின் பெரிய குறை. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருக்கால் ஓமோன் சுற்று வரும், அதனால் அளவுகள் குழம்பும் என்று சொல்லி ஆண் எலியையே வாங்கினார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பிறகு பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தபோது பெண் எலியின் அளவுகள் ஆணுடையதைவிடக் கூடுதலாக ஏறி இறங்குவதில்லை என்று தெரிந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2016இல் இருந்துதான் இரண்டு பாலையும் கணக்கில் எடுக்கச் சொல்லி நிதி விண்ணப்பங்களில் கேட்கத் தொடங்கியது.

உங்கள் நிலைமைக்கு நேரான மாதிரி, சூலகத்தை அகற்றின எலி. பெண் ஓமோனான ஈஸ்திரோஜன் நின்றதும் கூடத் தின்னும், குறைய ஓடும், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும். நீங்கள் எழுதினதேதான். அப்படியென்றால் ஓமோனைத் திருப்பிக் கொடுத்தால் சரிதானே என்று கேட்கத் தோன்றும். குரங்குகளில் கொடுத்துப் பார்த்து, நாடியில் கொழுப்புப் படிவது குறைகிறது என்றும் கண்டார்கள். ஆனால் அமெரிக்காவில் 16,608 பெண்களில் செய்த பெரிய ஆய்வில் ஓமோன் குளிசை இதயத்தைக் காக்கவில்லை, மாறாகச் சில தீங்குகள் தெரிந்ததால் 2002இல் இடையில் நிறுத்தினார்கள். குரங்கு பொய் சொல்லியதா? இல்லை. குரங்குகளுக்குச் சூலகத்தை எடுத்த உடனே ஓமோன் கொடுத்திருந்தார்கள், அந்தப் பெண்களின் சராசரி வயது 63. குரங்குகளிலும் காலம் தாழ்த்திக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதயத்தைக் காக்கவென்று மட்டும் ஓமோன் எடுக்க வேண்டாம். பிரஷருக்கும் கொலஸ்ரோலுக்கும் உரிய மருந்தை எடுங்கள், நடை, வயிற்றுக் கொழுப்பு, இரண்டையும் விடாமல் பாருங்கள்.

கேள்வி: சுண்டெலிக்கு மாரடைப்பு வருமா? வராதென்றால் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? – நல்லூர், மருத்துவ பீட மாணவர்

பதில்: தம்பி, இயல்பாக வராது. சுண்டெலியின் கொலஸ்ரோலில் பெரும்பங்கு எச்.டி.எல்., எங்களுக்குப் பெரும்பங்கு எல்.டி.எல். அதனால் அதன் நாடியில் ஒன்றும் படியாது. 1992இல், கொழுப்பை இரத்தத்தில் இருந்து அகற்ற உதவுகிற அப்போ-ஈ என்ற புரதத்தின் பரம்பரையலகை நீக்கின சுண்டெலியை இரண்டு குழுக்கள் தனித்தனியே உண்டாக்கிய பிறகுதான் அது இந்தத் துறைக்குள் வந்தது. அதற்கு நாடியில் கொழுப்புப் படியும், ஆனால் மனிதரில் நடப்பதைப் போல அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறைந்து அடைப்பது அரிது. 25 கிராம் உடம்பு, நிமிடத்துக்கு 500, 600 துடிப்பு. எங்களுடைய இதயம் அப்படி வேலை செய்வதில்லை. விலை குறைவு, கெதியாகக் குட்டி போடும், பரம்பரையலகை நினைத்தபடி மாற்றலாம், அதனால்தான் அதை விட முடியாமல் இருக்கிறார்கள்.

இதயத்துக்கென்றால் பன்றிதான். நாடிகளின் அமைப்பு, துடிப்பு, அளவு எல்லாம் எங்களுக்குக் கிட்ட. சுன்னாகத்து ஐயாவின் நெஞ்சில் இருக்கிற ஸ்டென்ட் வகைகளும் பன்றியின் நாடியில் பரீட்சித்துத்தான் மனிதருக்கு வந்தன. அமெரிக்காவில் ஜோர்ஜியாக் கரையில் ஒசாபோ என்று ஒரு தீவு, ஸ்பானியர் காலத்தில் விட்டுப்போன பன்றிகள் அங்கே காட்டுப்பன்றிகளாகிவிட்டன. சாப்பாடு கிடைக்கிற மாதத்தில் கொழுப்பைச் சேர்த்து, கிடைக்காத மாதத்தைத் தாண்டுகிற உடம்பு. பண்ணையில் வைத்துக் கொழுப்புத் தீனி போட்டால் மெட்டபோலிக் சின்ட்ரோமின் கூறுகள் வரிசையாக வந்து, கடைசியில் இதய நாடியும் அடைக்கிறது.

ஒரு சின்ன விஷயம், பாடப்புத்தகத்தில் கவனிக்காமல் விடுவது: வெப்பநிலை. ஆய்வுகூடங்கள் 22 பாகையில் வைத்திருப்பார்கள், அது உடுப்புப் போட்ட எங்களுக்கு இதம். சுண்டெலிக்கு இதமானது 30 பாகை. 22இல் அது நாள் முழுக்க உடம்பைச் சூடாக்கவே சக்தியை எரித்துக்கொண்டிருக்கும், இதயமும் வேகமாக அடிக்கும். உடம்பு எப்படிச் சக்தியைச் செலவழிக்கிறது என்று ஆராயப் போய் குளிரில் நடுங்குகிற மிருகத்தை அளந்துகொண்டிருக்கிறோம். மறுவளமும் உண்டு. ஒரு சித்திரை மாதம் கரண்ட் போய் ஏசி நின்று, நான் காலையில் வந்து பார்த்தபோது எலிகள் எல்லாம் வயிற்றைத் தரையில் பரப்பிக் கால்களை நீட்டிப் படுத்திருந்தன. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு கிழமை தீனி அரைவாசிதான் எடுத்தன, அந்தக் கிழமையின் நிறைக் கணக்கு முழுவதையும் எறிந்தேன். நீங்கள் ஆய்வு செய்யத் தொடங்கினால் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, தினமும் இரண்டு தரம் எழுதுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். வீட்டில் எல்லாரும் சைவம். எங்களுடைய வருத்தத்துக்காக எலியைக் கொழுக்கவைத்து, நோய் வரவைத்துக் கொல்வது பாவமில்லையா? – பருத்தித்துறை மாணவி

பதில்: நானும் சைவ வீட்டில் வளர்ந்தவன் தங்கச்சி. முதல் எலியைக் கையில் எடுத்த நாள் இன்றும் ஞாபகம். உள்ளங்கையில் வைத்தால் சூடு, விரலுக்குக் கீழே இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும். வாலில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கத் தொடங்கியபோது எல்லா எலிக்கும் பிரஷர் என்று மெஷின் காட்டியது. எனக்குப் பழக்கிவிட்டவர் வந்து பார்த்து, "பிரஷர் இல்லை, பயம். நீ அவசரப்படுகிறாய்" என்றார். பிறகு ஒரு கிழமை ஒன்றும் அளக்காமல், தினமும் எடுத்துத் தடவி, குழாய்க்குள் விட்டு, திரும்பக் கூட்டில் விட்டேன். அடுத்த கிழமை அளந்தபோது இறங்கியிருந்தது. மிருகத்தை நோகவைத்தால் கிடைக்கிற எண்ணும் பிழையாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு விளங்கியது.

பாவமா என்று கேட்டால், தேவையில்லாமல் செய்தால் பாவம் என்பதுதான் என் பதில். தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டுகிறதா என்று இன்னும் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மனிதரிலேயே அளந்தாகிவிட்டது. மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிட எல்.டி.எல். டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் சொல்லிவிட்டார்கள். அதற்கு இனி ஒரு எலிகூட வேண்டாம். ஆனால் வத்தனபேயின் முயல் இல்லாமல், எண்டோவின் கோழி இல்லாமல் இன்று உயிரோடு இருக்கிற எத்தனையோ பேர் இல்லை. இரண்டையும் நான் ஒரே தராசில் போடமாட்டேன்.

1959இல் ரசல், பேர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர் மூன்று விதி எழுதினார்கள்: மிருகம் இல்லாமல் செய்ய முடியுமானால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, நோவைக் குறை. இன்று உலகம் முழுக்க நெறிமுறைக் குழுக்கள் அதை வைத்துத்தான் கேள்வி கேட்கின்றன. இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுப் பழையது, ஆனால் பல்கலைக்கழகங்களில் குழுவின் அனுமதி இல்லாமல் கூட்டைத் திறக்க முடியாது. அமெரிக்காவிலும் புது மருந்தை மனிதரில் பரீட்சிக்க முன் மிருகத்தில் செய்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை 2022 டிசெம்பரில் நீக்கிவிட்டார்கள், மனிதக் கலங்களை வளர்த்தும் கணினியில் மாதிரி செய்தும் காட்டலாம். நீங்கள் படித்து வருகிற காலத்தில் அது இன்னும் கூடும்.

என்னுடைய கடைசி விண்ணப்பத்தில் 48 எலி கேட்டிருந்தேன். குழுவில் இருந்து 36 போதாதா, ஏன் 48 என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினார்கள். அன்று எனக்குக் கோபம். இரவில் இருந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 36 போதும்.